சிஎஸ்2: டவுன்லோட் பண்ணின ரீப்ளே எங்க விழுது? சொந்த சேர்வர் ஸ்கிரிமைப் பதியிறது எப்படி?

பின்கதவு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (சிஎஸ்2) எண்ட சுடுற கேமில, தரவரிசைக்கு விளையாடுற பிரீமியர் ஆட்டங்களின் பதிவை (ரீப்ளே) திரும்பப் போட்டுப் பார்த்துப் பிழை பிடிக்கவேணும். ஐந்து பேர் அணி, எல்லாரும் கொழும்புதான், ஆனால் ஆளாளுக்கு வேற வேற வீட்டில இருந்து விளையாடுறது. இடறுற இடங்கள் இவை.

கேமுக்குள்ள டவுன்லோட் பட்டனை அமத்தினால் முடிஞ்சுது எண்டு காட்டுது. ஃபைல் எங்க விழுந்தது எண்டு தெரியேல்லை. டொக்கியூமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், வீடியோஸ் மூண்டையும் பார்த்தாச்சு. கேமை இறக்கித் தாற ஸ்டீம் மென்பொருள் இருக்கிறது டி டிரைவில.

கனநாளுக்கு முந்தின ஆட்டம் ஒண்டுக்கு டவுன்லோடே வருதில்லை. மீட்க ஏதும் வழி உண்டா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரிம் (பயிற்சி ஆட்டம்) எங்கட ஆள் ஒருத்தற்ற மெஷினில சேர்வர் போட்டு நடக்கிறது. அது ஆட்டப் பட்டியலில வாறதே இல்லை. அதைப் பதிய என்ன செய்யவேணும்?

கடைசியா ஒண்டு: நண்பர் அனுப்பின ஃபைல் 'டெம்' எண்டு முடியுது. விஎல்சியில திறக்குதில்லை. ஏதாவது கொடெக் போடவேணுமா?

---

வெள்ளவத்தை64 பதில்:

கடைசிக் கேள்வியில இருந்து தொடங்குறன். மற்ற மூண்டுக்கும் விளக்கம் அதுக்குள்ளதான் கிடக்கு.

டெம் ஃபைல் வீடியோ இல்லை. அதுக்குள்ள ஒரு படம்கூடக் கிடையாது. யார் எந்த இடத்தில நிண்டார், எந்தப் பக்கம் பார்த்தார், எப்ப சுட்டார், ஸ்மோக் (புகைக் குண்டு) எங்க விழுந்தது எண்ட கணக்குத்தான் இருக்கு. கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் மாதிரி நினையுங்கோ. புத்தகத்தை டிவியில போட்டுப் பார்க்க ஏலாது. அதை வாசிச்சு அதே ஓவரை ஆடிக் காட்ட ஆள் வேணும். அந்த ஆள் சிஎஸ்2 கேம்தான். ஆகவே எந்தக் கொடெக்கும் சரிவராது, விஎல்சியை விடுங்கோ. அதில ஒரு நன்மையும் இருக்கு: பத்துப் பேரில யாருடைய கண்ணாலயும் பார்க்கலாம், மேல இருந்தும் பார்க்கலாம். வீடியோவில உங்கட திரை மட்டும்தான்.

இனி ஃபைல் விழுற இடம். டிரைவ் டிரைவாத் தேடவேண்டாம். ஸ்டீம் லைப்ரரியில கேமின் பெயரில ரைட் கிளிக், பிறகு மனேஜ், பிறகு பிரௌஸ் லோக்கல் ஃபைல்ஸ். கேம் எந்த டிரைவில இருந்தாலும் சரியான ஃபோல்டர் திறக்கும். ஃபோல்டரின் பெயர் இன்னும் பழைய 'கவுண்டர்-ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவ்' எண்டுதான் இருக்கும். 2023 செப்டெம்பரில சிஎஸ்2 வந்தபோது பழைய கேமுக்கு மேலதான் போட்டார்கள், பெயரை மாத்தேல்லை. பழைய கேமின் மிச்சம் எண்டு நினைச்சு அழிச்சுப் போடாதையுங்கோ. உள்ள 'கேம்', அதுக்குள்ள 'சிஎஸ்ஜிஓ', அதுக்குள்ள 'ரீப்ளேஸ்'. மெச்730 எண்டு தொடங்கி நீளமான இலக்கங்களோட கிடக்கிறதுதான் உங்கட ஆட்டங்கள். 730 எண்டது ஸ்டீமில இந்தக் கேமின் இலக்கம். பக்கத்தில அதே பெயரில 'இன்ஃபோ' எண்டு முடியிற குட்டி ஃபைல் ஒண்டும் இருக்கும். கேமுக்குள்ள பட்டியல் காட்ட அது உதவும். கொன்சோலால (கேமுக்குள்ள கட்டளை அடிக்கிற பெட்டி) போட்டுப் பார்க்க அது தேவையில்லை.

இலக்கப் பெயரை வச்சு எது எந்த ஆட்டம் எண்டு பிறகு கண்டுபிடிக்கிறது சீவன் போற வேலை. இறக்கின உடனே வேற ஃபோல்டரில ஒரு கொப்பி எடுத்து, திகதி, மெப் (ஆடின களம்), ஸ்கோர் மூண்டையும் பெயரில போடுங்கோ: 0914-மிராஜ்-13-9 எண்ட மாதிரி. பெயரை ஆங்கில எழுத்தில, இடைவெளி இல்லாமல் வையுங்கோ. ரீப்ளேஸ் ஃபோல்டரில இருக்கிற மூலத்தின் பெயரை மாத்தினால் கேமின் பட்டியல் அதை அடையாளம் காணாது, திரும்ப டவுன்லோட் பண்ணச் சொல்லும்.

பழைய ஆட்டம்: கேமைச் செய்த வால்வ் நிறுவனத்தின் சேர்வரில ரீப்ளே நிரந்தரமா இருக்கிறதில்லை. காலம் போனபிறகு அகற்றிவிடுவார்கள், பிறகு யாராலயும் எடுக்க ஏலாது. கைவிடுறதுக்கு முதல் ரெண்டு இடத்தைப் பாருங்கோ. ஒண்டு, உங்கட அணியில யாராவது அப்பவே இறக்கியிருந்தால் அவற்ற ரீப்ளேஸ் ஃபோல்டர். ரெண்டு, ஸ்டீம் சப்போட் பக்கத்தில சிஎஸ்2ஐத் தெரிவு செய்து, தனிப்பட்ட கேம் தரவு எண்ட பகுதிக்குள்ள போனால் பிரீமியர், கொம்பெட்டிட்டிவ், விங்மேன் எண்டு ஆட்ட வரலாறு வகைவகையா இருக்கும். கேமின் பட்டியலில இருந்து கீழ போய்விட்ட ஆட்டங்களும் அங்க தெரியும். லிங்க் இன்னும் உயிரோட இருந்தால் பிரவுசராலயே இறக்கலாம். கெஷுவல், டெத்மெச் ஆட்டங்களைத் தேடவேண்டாம். அவை இதில வாறதில்லை.

பிரவுசரால இறக்கினால் ஃபைல் சுருக்கின வடிவத்தில, 'பிஇசட்2' எண்டு முடியும். செவன்சிப்பால பிரிச்சு உள்ள இருக்கிற டெம் ஃபைலை எடுக்கவேணும். விண்டோஸ் ஃபைலின் வாலை மறைச்சு வைக்கிறதால, பிரிக்காமலே பெயரை மட்டும் மாத்திப்போட்டு 'திறக்குதில்லை' எண்டு நிக்கிறவை கனபேர். எக்ஸ்புளோரரில வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் எண்டதை முதலில ஒன் பண்ணுங்கோ.

---

மிராஜ்_மாமா பதில்:

மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் ஸ்கிரிமுக்கும் பார்க்கும் முறைக்கும் வருகிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கொன்சோலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், நான் அடிக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோடு. முதல் நாலைந்து எழுத்து அடித்தாலே கொன்சோல் பட்டியலைக் காட்டும், அதிலிருந்து தெரிந்தெடுத்தால் எழுத்துப் பிழை வராது. கொன்சோல் திறக்கவில்லை என்றால் செட்டிங்ஸ், கேம் என்ற பகுதியில் டெவலப்பர் கொன்சோலை யெஸ் ஆக்குங்கள். எஸ்கேப் விசைக்குக் கீழே உள்ள விசைதான் திறப்பது.

சொந்த சேர்வரில் பதியும்போது வரிசை முக்கியம்:

டிவி_எனேபிள் 1
மெப் டிஇ_மிராஜ்
டிவி_ரெக்கோட் ஸ்கிரிம்1

ஆட்டம் முடிந்ததும் டிவி_ஸ்டொப்ரெக்கோட்.

பத்தில் எட்டுப் பேர் தவறுவது முதல் இரண்டு வரியின் வரிசையில். மெப் ஏறும்போதுதான் சேர்வர், டிவிக்கு (ஆட்டத்தைப் பார்த்துப் பதியும் பகுதி) என்று ஒரு இடத்தை உருவாக்கும். மெப் ஏறிய பிறகு டிவி_எனேபிள் 1 அடித்தால் மதிப்பு மாறும், டிவி மட்டும் வராது. பதிவுக் கட்டளை ஒன்றும் எழுதாது. அப்படி ஆகிவிட்டால் மெப்பை மறுபடி ஏற்றினால் போதும், கேமை மூடத் தேவையில்லை.

தனி சேர்வர் வைத்திருந்தால் டிவி_ஓட்டோரெக்கோட் 1 என்று கொன்ஃபிக் ஃபைலில் எழுதி விடுங்கள். ஒவ்வொரு மெப்பும் 'ஓட்டோ' என்று தொடங்கும் பெயரில், திகதி நேரத்தோடு தானாகப் பதிவாகும். மறதி என்பது கட்டளையால் தீரக்கூடிய நோய்.

இந்த ஃபைல் ரீப்ளேஸ் ஃபோல்டருக்குப் போகாது. ஒரு படி மேலே, 'சிஎஸ்ஜிஓ' ஃபோல்டரிலேயே விழும். அங்கே ஏற்கெனவே பல ஃபைல்கள் கிடக்கும், ஆகவே திகதிப்படி அடுக்கிப் பாருங்கள். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது அதை எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஃபைலின் முடிவுப் பகுதி, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். இடையில் எடுத்த ஃபைல் திறக்காது, அல்லது திறந்தும் மொத்த நீளம் தெரியாமல் நிற்கும். கரண்ட் போனாலும் இதே கதிதான். சேர்வர் போடுகிறவர் வீட்டு ரவுட்டருக்கும் மெஷினுக்கும் யூபிஎஸ் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரரை சேர்வர் போடச் சொல்லுங்கள்.

பார்ப்பதற்கு: பிளேடெமோ என்று அடித்து இடைவெளி விட்டுப் பெயர். ஃபைல் ரீப்ளேஸுக்குள் இருந்தால் பிளேடெமோ ரீப்ளேஸ்/பெயர். பாதை எப்போதும் 'சிஎஸ்ஜிஓ' ஃபோல்டரில் இருந்து எண்ணப்படுகிறது. டெஸ்க்டொப்பில் கிடக்கும் ஃபைலை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுத் திறப்பதே நிம்மதி.

ஓடத் தொடங்கியதும் கீழே கட்டுப்பாட்டுப் பட்டை வரும். வராவிட்டால் ஷிஃப்டோடு எஃப்2 அடியுங்கள். பட்டையை இழுத்து இடம் தேடுவதை விட டிக் எண்ணை (சேர்வர் ஆட்டத்தைக் கணக்கிடும் ஒவ்வொரு படியின் எண்) பிடித்துக்கொள்வது நல்லது. சிஎஸ்2 ஒரு விநாடிக்கு 64 டிக். பத்து விநாடி 640, ஒரு நிமிடம் 3,840. ஒரு ரவுண்ட் 1 நிமிடம் 55 விநாடி, முழுதாக ஓடினால் 7,360 டிக்.

எப்படிப் பயன்படும் என்றால், கொப்பியில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: "84,200, ஏ பக்க ஸ்மோக் பிந்தி விழுந்தது". டெமோ_கோட்டூடிக் 83560 என்று அடித்தால் அந்தத் தவறுக்குப் பத்து விநாடி முன்னால் நிற்பீர்கள். ஸ்மோக் போட்டவர் அந்தப் பத்து விநாடியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் பார்க்கவேண்டிய பாடம். ஸ்மோக் விழுந்த இடத்தை மட்டும் நூறு தரம் பார்த்துப் பயனில்லை. ஐந்து பேரும் அதே ஃபைலை வைத்திருந்தால், குரல் அழைப்பில் எண்ணைச் சொன்னால் போதும், எல்லாரும் ஒரே இடத்துக்கு வருவார்கள்.

வேகம் மாற்ற டெமோ_டைம்ஸ்கேல். 0.25 போட்டால் நான்கில் ஒரு பங்கு வேகம், 4 போட்டால் நான்கு மடங்கு. சுவருக்குப் பின்னால் ஆட்கள் தெரிய ஸ்பெக்_ஷோ_எக்ஸ்ரே 1. ஆனால் முதல் தடவை பார்க்கும்போது அதை 0 ஆக்கிவிட்டுப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஆள் தெரிந்தால் எல்லாருடைய முடிவும் முட்டாள்தனமாகத்தான் தோன்றும்.

பின்னோக்கிக் குதிக்கும்போது சில நொடி உறையும். கேம் முந்தைய ஒரு முழு நிலையை எடுத்து, அங்கிருந்து மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறது. பொறுமை இல்லாமல் கிளிக்கை அடுக்கினால்தான் விழுந்து போகும்.

---

ஈகோ_ரவுண்ட் பதில்:

ஒரு எச்சரிக்கை மட்டும். கேம் அப்டேட் வந்தால் பழைய டெமோ (டெம் ஃபைல்) ஓடும் என்று நம்பியிருக்கவேண்டாம். சில அப்டேட்டுக்குப் பிறகு ஆட்கள் விறைச்சுப்போய் நிற்பார்கள், அல்லது கேமே மூடிவிடும். சிஎஸ்2க்கு முந்தின சிஎஸ்ஜிஓ காலத்து டெமோ சிஎஸ்2இல் ஓடவே ஓடாது. அதுக்கு ஸ்டீமில கேமின் புரொப்பர்டீஸ், பீட்டாஸ் பகுதியில் இருக்கிற பழைய பதிப்பை இறக்கவேணும், பல ஜிபி. பாதுகாக்கிற துண்டு என்றால் அந்த வாரமே வீடியோவாக்கி வையுங்க.

---

டிக்கெட்_இல்லாதவன் பதில்:

ஈகோ சொன்ன வீடியோ விஷயத்தை நான் விரிக்கிறேன். எனக்கு மாமாவோட ஒரு இடத்தில உடன்பாடில்லை: ஆட்டத்தை ஆராய டெமோ போதும்தான், ஆனால் "நான் தலையிலதான் சுட்டனான்" எண்ட வழக்குக்கு டெமோ சாட்சி ஆகாது. டெமோ எழுதுறது சேர்வர் கண்ட ஆட்டத்தை, டிக்குக்கு ஒருக்கா. உங்கட சுடுதல் ரெண்டு டிக்குக்கு இடையிலயும் நடக்கலாம். சப்டிக் எண்ட முறை அந்த இடைப்பட்ட நேரத்தையும் கணக்கில எடுக்கும், ரீப்ளே படத்தில அது அப்படியே தெரியாது. கொழும்பில இருந்து மும்பாய், சென்னை, சிங்கப்பூர் சேர்வருக்குப் போய் வாற பிங்கும் (தாமதம்) சேர்ந்தால், உங்கட திரையில தலையில நிண்ட குறி டெமோவில காதுக்குப் பக்கத்தில நிக்கும். ஆகவே ரெண்டும் வேணும். முழு ஆட்டத்துக்கு டெமோ, துண்டுக்கு வீடியோ.

வீடியோவுக்கு மூண்டு வழி.

ஸ்டீமுக்குள்ளேயே கேம் ரெக்கோர்டிங் இருக்கு, 2024இல வந்தது. செட்டிங்ஸில பின்னணிப் பதிவை ஒன் பண்ணினால் ஓடிக்கொண்டே இருக்கும். கொன்ட்ரோலோட எஃப்12 அமத்தினால் அந்த இடத்தில அடையாளம் விழும். தனி மென்பொருள் தேவையில்லாததால தொடங்கிற ஆளுக்கு இதைத்தான் சொல்லுவன். ஒரு பொறி: ஃபோல்டருக்குள்ள போய்ப் பார்த்தால் எம்பி4 ஒண்டும் கிடக்காது, துண்டு துண்டா நூற்றுக்கணக்கில ஃபைல்தான் இருக்கும். ஸ்டீமின் ரெக்கோர்டிங்ஸ் பக்கத்தில கிளிப்பை வெட்டி, எம்பி4 ஆக ஏற்றுமதி செய்தால்தான் வட்ஸ்அப்பில போடக்கூடிய ஃபைல் வரும்.

என்விடியா கார்ட் எண்டால் ஆல்ட்டோட எஃப்10, கடைசி சில நிமிசங்களைச் சேமிக்கும். முதலில ஆல்ட்டோட இசட் அமத்தி இன்ஸ்டன்ட் ரீப்ளே ஒன்னில இருக்கா எண்டு பாருங்கோ. ஓஃப்பில இருக்கேக்க எத்தனை தரம் அமத்தினாலும் ஒண்டும் வராது. வீடியோஸ் ஃபோல்டருக்குள்ள கேமின் பெயரில விழும். எந்தக் கார்டெண்டாலும் விண்டோஸ் விசை, ஆல்ட், ஜி மூண்டையும் சேர்த்தமத்தினால் கேம் பார் கடைசி 30 விநாடியை வீடியோஸ், கெப்ச்சர்ஸ் ஃபோல்டரில போடும். அதுக்கும் பின்னணிப் பதிவு ஒன்னில இருக்கவேணும்.

மூண்டாவது ஓபிஎஸ். செட்டிங்ஸ், அவுட்புட்டில ரீப்ளே பஃபரை ஒன் பண்ணி 30 விநாடி வையுங்கோ. பிறகு ஹொட்கீஸில 'சேவ் ரீப்ளே'க்கு ஒரு விசை குடுக்கவேணும், தானா எதுவும் இருக்காது. பிறகு ஒவ்வொரு முறையும் 'ஸ்டார்ட் ரீப்ளே பஃபர்' அமத்தவேணும். இந்த மூண்டில ஒண்டு விடுபட்டாலும் விசையை அமத்தி ஒண்டும் சேமிக்கப்படாது.

ஓபிஎஸ்ஸில கறுப்புத் திரை வந்தால்: சிஎஸ்2 வெளி மென்பொருளின் ஊடுருவலைத் தடுக்கிறது. கேம் கெப்ச்சர் வேணுமெண்டால் ஸ்டீமின் லோஞ்ச் ஒப்ஷன்ஸில -அலௌ_தேர்ட்_பார்ட்டி_சொஃப்ட்வெயர் எண்டு போடவேணும். என்ர எண்ணம், அதைப் போடாமல் கேமை ஃபுல்ஸ்கிரீன் விண்டோட் ஆக்கி டிஸ்பிளே கெப்ச்சர் எடுக்கிறது நல்லது. கேமின் பூட்டை நாங்களே ஏன் தளர்த்துவான்?

அளவுக் கணக்கு: 20 மெகாபிட் வேகத்தில பதிஞ்சால் விநாடிக்கு 2.5 எம்பி, நிமிசத்துக்கு 150 எம்பி, 40 நிமிச ஆட்டத்துக்கு 6 ஜிபி. அதே ஆட்டத்தின் டெமோ சில நூறு எம்பிதான். 6 ஜிபியைப் பழைய பென் டிரைவில போட்டால் "ஃபைல் பெரிது" எண்டு மறுக்கும், இடம் 20 ஜிபி மிச்சமிருந்தாலும். பென் டிரைவ் பேட்32 வடிவில இருக்கு எண்டு அர்த்தம். அதில ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட ஏலாது. எக்ஸ்பேட் ஆக ஃபோர்மட் பண்ணினால் சரி, உள்ள கிடக்கிறதை முதலில வேற இடத்தில எடுத்து வையுங்கோ. யூனிட்டி பிளாசாவில புது டிரைவ் வாங்க ஓடவேண்டாம்.

ஓபிஎஸ்ஸில பதிவு வடிவத்தை எம்கேவி ஆக வையுங்கோ. சாதாரண எம்பி4 பதிவு இடையில கரண்ட் போனால் முழுசும் போச்சு; எம்கேவியில போன நிமிசம் வரைக்கும் இருக்கும். பிறகு ஃபைல் மெனுவில ரீமக்ஸ் ரெக்கோர்டிங்ஸ் குடுத்தால் சில நொடியில எம்பி4 ஆகும், தரம் குறையாது.

---

பின்கதவு:

நன்றி அண்ணாமாரே. ரீப்ளேஸ் ஃபோல்டர் கிடைச்சிட்டுது, ஒன்பது ஆட்டம் கிடந்தது. சப்போட் பக்கத்தில பழைய ஆட்டம் தெரியுது, லிங்க் செத்துப்போச்சு. வேற ஒருத்தரும் இறக்கேல்லை, அதை விட்டாச்சு.

இப்ப ரெண்டு விஷயம். நண்பர் தந்த ஃபைலை ரீப்ளேஸில போட்டு பிளேடெமோ அடிச்சால் ஃபைல் இல்லை எண்டு சொல்லுது. பெயர் 'மிராஜ் ஃபைனல் ரவுண்ட்', பிரிச்சும் ஆச்சு. மற்றது, ஸ்கிரிம் ஃபைலை மற்ற நாலு பேருக்கும் அனுப்ப லேசான வழி எது? எல்லாருக்கும் மாத டேட்டாவில அளவு இருக்கு.

---

வெள்ளவத்தை64:

பெயரில இடைவெளி. கொன்சோல் 'மிராஜ்' எண்டதோட பெயர் முடிஞ்சுது எண்டு நினைக்குது. இடைவெளியை எடுத்துப்போட்டு அடியுங்கோ, இல்லாட்டி முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போடுங்கோ. அப்பவும் வராட்டி ஃபைலின் வாலைப் பாருங்கோ: டெம் எண்டது ரெண்டு தரம் விழுந்திருக்கும்.

பிரீமியர் ஆட்டத்துக்கு ஃபைல் அனுப்பவே தேவையில்லை. விளையாடின ஐந்து பேரும் தங்கட பட்டியலில இருந்தே இறக்கலாம். விளையாடாத ஆளுக்கு மெச் ஷேர் கோட் அனுப்புங்கோ: சிஎஸ்ஜிஓ எண்டு தொடங்கி, ஐந்தைந்து எழுத்தா ஐந்து தொகுதி. அந்தக் கோட் இருந்தால் அவர் வால்விடம் இருந்தே எடுப்பார், உங்கட அப்லோட் செலவில்லை.

ஸ்கிரிம் ஃபைல் சேர்வர் போட்டவரிடம் மட்டும்தான் இருக்கும். அவர் செவன்சிப்பால சுருக்கி ஒரே ஒரு தரம் கூகிள் டிரைவில ஏத்தவேணும், நாலு பேரும் இரவு டேட்டா தொடங்கினபிறகு இறக்கவேணும். வட்ஸ்அப்பில எண்டால் டொக்கியூமென்ட் ஆக அனுப்புங்கோ, 2 ஜிபி வரைக்கும் போகும்.

---

மிராஜ்_மாமா:

ஸ்கிரிம் ஃபைலோடு சேர்த்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் டிக் எண்களையும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். குரலும் பதிவாகியிருந்தால், ஓடும்போது டிவி_லிஸன்_வொய்ஸ்_இன்டைசஸ் -1 அடித்தால் கேட்கும். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னார் என்று தெரியாமல், ஸ்மோக் பிந்தியதற்குப் போட்டவரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை.

---

பின்கதவு:

இடைவெளியை எடுத்ததும் திறந்திட்டுது. டிவி_எனேபிளை மெப்புக்கு முதல் போட்டு ரெண்டு நிமிசப் பரிசோதனைப் பதிவும் எடுத்தாச்சு, 'சிஎஸ்ஜிஓ' ஃபோல்டரில கிடக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓட்டோரெக்கோட்டைக் கொன்ஃபிக்கில போடுறம்.